பட்டாம்பூச்சியைத் துரத்தாமல் படம் எடுப்பது

பட்டாம்பூச்சிப் படம் எடுக்கத் தொடங்கிய முதல் வருடம் என்னிடம் சேர்ந்தவற்றில் பாதிக்கு மேல் வெறும் இலைகளின் படங்கள். அரை நொடி முன்பு வரை பட்டாம்பூச்சி உட்கார்ந்திருந்த இலைகள். மீதியில் பூச்சி இருந்தது. ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டோ, கலங்கலாகவோ, ஓரத்தில் பாதி இறக்கையாகவோ இருந்தது. ஒருநாள் புல்வெளியில் வெள்ளைப் பூச்சி ஒன்றின் பின்னால் கால் மணி நேரம் அலைந்து, மூச்சு வாங்கி, கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தேன். அதுவோ அதன் பங்காளியோ, என் ஷூவுக்குப் பக்கத்திலிருந்த பூவில் வந்து இறங்கி, நிதானமாகத் தேன் குடித்துவிட்டுப் போனது.

அன்றைக்குத்தான் உறைத்தது. பட்டாம்பூச்சி சும்மா சுற்றித் திரிவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அதற்கு வேலை இருக்கிறது. உடம்பைச் சூடாக்க வேண்டும், தேன் குடிக்க வேண்டும், துணை தேட வேண்டும், முட்டை வைக்கச் சரியான இலையைக் கண்டுபிடிக்க வேண்டும், சில நேரம் உப்பு தேட வேண்டும். எந்த வேலையாக வந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால், நாம் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்து கிளைப்பவைதான். கேமரா சமாச்சாரம் பின்னால் வருகிறது. முதலில் பூச்சியைப் பார்ப்போம்.

எந்த நாள், எந்த நேரம்

குளிர்காலம் உள்ள இடங்களில் வசந்தத்தின் கடைசி வாரங்கள் புதியவர்களுக்கு நல்ல காலம். அப்போது இரண்டு கூட்டம் ஒன்றாகப் பறக்கும். ஐரோப்பாவின் மஞ்சள் நிற பிரிம்ஸ்டோன் போன்ற சில வகைகள் முழு வளர்ந்த பூச்சியாகவே குளிர்காலத்தை எங்காவது இலைச் செறிவுக்குள் ஒடுங்கிக் கழித்தவை. இறக்கை நைந்து, நிறம் வெளுத்து வரும். இன்னொரு கூட்டம் இப்போதுதான் கூட்டைப் பிளந்து வந்தது. செதில் ஒன்றுகூட உதிராமல் பளபளக்கும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும்போது, கசங்கியது வேறு இனம் என்று ஏமாந்துபோக வேண்டாம். நானும் ஏமாந்திருக்கிறேன்.

இந்தப் பருவத்தை நான் விரும்புவதற்கு வேறு காரணமும் உண்டு. வெயில் இருக்கும், ஆனால் காற்றில் குளிர்ச்சி விட்டிருக்காது. பட்டாம்பூச்சியின் உடல் தானாகப் பெரிதாக வெப்பத்தை உண்டாக்கிக்கொள்வதில்லை. பறக்கும் தசைகள் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடானால்தான் நன்றாக வேலை செய்யும். காற்று 15 டிகிரியில் இருக்கும்போது மீதிச் சூட்டை வெயிலிலிருந்துதான் வாங்கியாக வேண்டும். அதற்கு ஓரிடத்தில் உட்கார வேண்டும். நமக்கு வேண்டியதும் அதுதானே. நடுக்கோடையில் நொடியில் சூடாகி எழுந்து பறந்துவிடும். எட்டிப் பிடிக்க முடியாது.

எந்த வானிலையில் கிளம்பலாம் என்பதற்கு நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு. பிரிட்டனில் 1976 முதல் தன்னார்வலர்கள் ஒரே பாதையில் வாரம் ஒருமுறை நடந்து பட்டாம்பூச்சிகளை எண்ணி வருகிறார்கள். சூழலியலாளர் எர்னி பொல்லார்ட் வகுத்த முறை அது. வெப்பநிலை 13 டிகிரிக்குக் கீழே இருந்தால் எண்ணப் போவதில்லை. 13 முதல் 17 வரை இருந்தால் நடையில் குறைந்தது 60 சதவீத நேரமாவது வெயில் அடிக்க வேண்டும். 17-ஐத் தாண்டிவிட்டால் மேகமாக இருந்தாலும் போகலாம். நேரம் காலை 10.45 முதல் பிற்பகல் 3.45 வரை.

எண்ணுவதற்கு இது சரி. படம் எடுக்கப் போகிறவர் இன்னும் ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும் என்பது என் கட்சி. காலை ஒன்பதரை மணிக்குப் பூச்சிகள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கும். ஆனால் இருப்பவை சோம்பலாக இருக்கும். உச்சிவேளையில் ஐம்பது பூச்சிகள் கண்ணுக்கு முன்னால் பறந்தும் ஒன்றுகூடச் சிக்காத நாட்கள் உண்டு. காற்று பலமாக வீசும் நாளில் கேமராவை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

அரைகுறை மேகமுள்ள நாள் கிடைத்தால் விடாதீர்கள். மேகம் சூரியனை மறைத்ததும் பறந்துகொண்டிருக்கும் பூச்சி சட்டென்று எங்காவது இறங்கிவிடும். இறங்கிய இடத்தை மட்டும் கண்ணால் குறித்துக்கொண்டு, மெதுவாகப் பக்கத்தில் போய்த் தயாராக உட்காருங்கள். மேகம் விலகி வெயில் விழுந்ததும் பறப்பதற்கு முன்னால் அது இறக்கையை விரித்துச் சூடேற்றிக்கொள்ளும். அந்தச் சில நொடிகளுக்காக நான் இருபது நிமிடம்கூடக் காத்திருந்திருக்கிறேன்.

எங்கே தேடுவது

பரந்த புல்வெளியின் நடுவே நின்று சுற்றிப் பார்ப்பதால் பெரிய பலன் இல்லை. ஓரங்களைப் பிடியுங்கள். காடு முடிந்து வெளி தொடங்கும் விளிம்பு, வேலி, பாதையின் இரு கரை, ஓடைக்கரை. காற்று தடுக்கப்படும் இடம், வெயில் விழும் இடம், பூ இருக்கும் இடம் மூன்றும் பெரும்பாலும் விளிம்பில்தான் ஒன்றாகச் சேரும். மலைச்சரிவு என்றால் சூரியனைப் பார்த்த சரிவு: பூமியின் வடபாதியில் தெற்கு முகம், தென்பாதியில் வடக்கு முகம்.

புல்லின் உயரத்தையும் கவனியுங்கள். புல் உயரமாக, அடர்த்தியாக இருந்தால்தான் பூச்சி அதிகம் என்று தோன்றும். எப்போதும் அப்படியில்லை. லார்ஜ் புளூ என்ற நீலப் பட்டாம்பூச்சி 1979-இல் பிரிட்டனில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. அதன் புழு ஒருவகைச் சிவப்பு எறும்பின் புற்றுக்குள் வளர்வது. மேய்ச்சல் குறைந்து புல் வளர்ந்ததும் மண்ணில் வெயில் படவில்லை, தரை குளிர்ந்தது, அந்த எறும்பு போனது, பின்னாலேயே பட்டாம்பூச்சியும் போனது. இந்தத் தொடர்பைச் சூழலியலாளர் ஜெரமி தாமஸ் கண்டுபிடித்த பிறகு, 1983 முதல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து, புல்லைக் குட்டையாக வைத்த இடங்களில் மறுபடி விட்டார்கள். ஆகவே ஆடு மாடு மேய்ந்து மொட்டையாகிக் கிடக்கும் சரிவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விடாதீர்கள். சின்ன நீலப் பூச்சிகளுக்கு அதுவே சரியான இடமாக இருக்கலாம்.

அப்புறம் யாரும் மதிக்காத செடிகள். ஒருமுறை சரியான கோணத்துக்காக முழங்காலிட்டேன்; மண்டியிட்டது தொட்டால் அரிக்கும் நெட்டில் புதருக்குள். கால்சட்டையைத் தாண்டிக் குத்தியது. எரிச்சலோடு குனிந்து பார்த்தால், அந்த இலைகளில் வெள்ளைப் புள்ளி வைத்த கரிய முள்புழுக்கள் கூட்டமாக மொய்த்துக் கிடந்தன. பீகாக் பட்டாம்பூச்சியின் புழுக்கள். பெரிய கண் வடிவங்களை இறக்கையில் வைத்திருக்கும் அந்த அழகிக்கு முட்டை வைக்க வேண்டியது பூந்தோட்டமல்ல, அந்த எரிக்கும் புதர். தேன் குடிக்கும் செடி வேறு, புழு தின்னும் செடி வேறு. தேன் விஷயத்தில் பட்டாம்பூச்சி அவ்வளவு பிகு பண்ணாது. புழுவின் சாப்பாட்டு விஷயத்தில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு செடிகளோடு நிறுத்திக்கொள்ளும். மொனார்க்குக்கு எருக்குக் குடும்பச் செடிகள். வெள்ளைப் பூச்சிகள் பலவற்றுக்குக் கடுகுக் குடும்பம். நீங்கள் நடக்கும் பாதையில் இப்படி நாலு செடிகளை அடையாளம் தெரிந்துவைத்துக்கொண்டால், நாற்பது பட்டாம்பூச்சிப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட அதிகம் உதவும்.

நடக்கும் வேகத்தைப் பாதியாக்குங்கள். பிறகு அதையும் பாதியாக்குங்கள். பூக்கள் திரண்ட இடம் வந்தால் ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நிறத்தைத் தேடாதீர்கள், அசைவைத் தேடுங்கள். இறக்கையை மூடி உட்கார்ந்த பூச்சி பெரும்பாலும் காய்ந்த இலையைப் போலத்தான் இருக்கும். அது பறந்து வந்து இறங்குவதைப் பார்த்தவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

என்ன வேலையாக வந்திருக்கிறது?

இதுதான் முக்கியமான பகுதி. பூச்சி ஒன்று கண்ணில் பட்டதும் கேமராவைத் தூக்காமல் ஒரு நிமிடம் அதன் நடத்தையைப் பாருங்கள்.

வெயில் காய்கிறதா? காயும் விதம் வகைக்கு வகை மாறும். பல பூச்சிகள் இறக்கையை முழுதாக விரித்துச் சூரியனுக்கு முதுகைக் காட்டும். வெள்ளை, மஞ்சள் பூச்சிகளில் சில புத்தகத்தைப் பாதி திறந்தாற்போல் வைத்துக்கொள்ளும். இன்னும் சில இறக்கையைத் திறக்கவே திறக்காமல், உடம்பைச் சாய்த்து ஒரு பக்கத்தை மட்டும் வெயிலில் காட்டும். பச்சை நிற கிரீன் ஹேர்ஸ்ட்ரீக் அப்படிப்பட்டது. அது இறக்கையை விரிக்கும் என்று காத்திருந்தால் பொழுது சாயும்வரை காத்திருக்க வேண்டியதுதான். வெயில் காயும் பூச்சி பயந்து எழுந்தாலும் பெரும்பாலும் பக்கத்திலேயே, அதே மாதிரி இடத்தில்தான் இறங்கும். வெறுந்தரை, சூடான கல், வெயில் படும் இலை. நீங்கள் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், அது வரட்டும்.

தேன் குடிக்கிறதா? எந்தப் பூவில் என்று பாருங்கள். நெருஞ்சில் போல் முள் நிறைந்த திசில், சூரியகாந்திக் குடும்பத்துக் காட்டுப் பூக்கள் போன்றவற்றில் ஒரு தலையில் பல சின்னப் பூக்கள் நெருக்கமாக இருக்கும். ஒவ்வொன்றிலும் உறிஞ்சுகுழலை விட்டு விட்டு எடுக்க வேண்டியிருப்பதால் பூச்சி அங்கே நெடுநேரம் தங்கும். ஒற்றைக் குழல் பூ என்றால் ஒரே உறிஞ்சு, கிளம்பிவிடும். பூவில் வந்து இறங்கிய உடனே நெருங்காதீர்கள். அப்போது அது மிகவும் உஷாராக இருக்கும். குழலை இறக்கி நாலைந்து மடக்கு குடிக்கட்டும். அதன் பிறகு சுற்றுமுற்றும் நடப்பதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது.

காவல் காக்கிறதா? ஒரு குச்சி நுனியிலோ இலை மேலோ உட்கார்ந்து, எது கடந்து போனாலும் பாய்ந்து துரத்திவிட்டு, திரும்பி அதே இடத்துக்கு வரும் பூச்சி பெரும்பாலும் ஆண். பெண் வருமா என்று பார்க்கிறது; வருவது இன்னொரு ஆணாக இருந்தால் சண்டை. காட்டுத் தரையில் விழும் வெயில் திட்டுக்காக ஸ்பெக்கிள்டு வுட் வகை ஆண்கள் இரண்டு சுழன்று சுழன்று மேலே எழுவதைப் பார்க்கலாம். பெரும்பாலும் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தவரே ஜெயிப்பார். புதியவர்களுக்கு இதைவிட லகுவான பூச்சி கிடையாது. அது பறந்து போன சமயத்தில் அதன் குச்சிக்குப் பக்கத்தில் போய், அந்த நுனியில் ஃபோகஸ் வைத்துவிட்டு உட்கார்ந்திருங்கள். உங்களைப் பார்த்துத் தயங்கினாலும் திரும்பி வரும், இடத்தை விடாது.

ரோந்து போகிறதா? இது நேர் எதிர். நிற்காமல் விளிம்பை ஒட்டிப் பறந்துகொண்டே இருக்கும். ஐரோப்பிய வசந்தத்தின் ஆரஞ்சு டிப் ஆண் இப்படித்தான். வெள்ளை இறக்கையின் நுனியில் ஆரஞ்சு பூசியிருப்பதால் தூரத்திலிருந்தே தெரியும், ஆசை காட்டும், நிற்காது. இதைத் துரத்துவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. அதன் வழியில் பூக்கள் இருக்கும் இடத்தில் நின்றுகொள்ளுங்கள். அதே வழியில் பின்னால் ஒன்று வரும், அல்லது இதுவே திரும்ப வரும்.

முட்டை வைக்கிறதா? பெண் பூச்சியின் பறப்பு வித்தியாசமானது. தாழ்வாக, தயங்கித் தயங்கி, பூக்களை விட்டுவிட்டு இலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். பட்டாம்பூச்சிக்குக் காலில் சுவை தெரியும். அந்த இலை தன் பிள்ளைகளுக்கு ஆகுமா என்று மிதித்துப் பார்க்கிறது. சரியானது கிடைத்ததும் வயிற்றை வளைக்கும். ஆரஞ்சு டிப் பெண் வழக்கமாக ஒரு செடிக்கு ஒரு முட்டைதான் வைக்கும், ஏனென்றால் அதன் புழு இன்னொரு முட்டையைத் தின்றுவிடக்கூடியது. வெளுப்பாக வைக்கும் முட்டை ஓரிரு நாளில் ஆரஞ்சாக மாறுவதால், பூக்காம்பில் தேடினால் வெறுங்கண்ணுக்கே தெரியும். முட்டை வைக்கும் பூச்சியை மறிக்காதீர்கள். போன பிறகு முட்டையைப் படம் எடுங்கள். அது எங்கேயும் பறந்து போகாது.

கடைசியாகச் சேறு. ஈர மண்ணில், குட்டை ஓரத்தில், ஏன் சாணத்தின் மேல்கூடக் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சும். பெரும்பாலும் ஆண்கள், தேனில் கிடைக்காத சோடியம் போன்ற உப்புகளை எடுத்துக்கொண்டு, புணரும்போது அதில் ஒரு பங்கைப் பெண்ணுக்குக் கொடுக்கும். இந்த நிலையில் கூட்டத்தின் அருகே தரையோடு தரையாகப் படுத்துக்கூட எடுக்கலாம். துணி பாழாகும், அவ்வளவுதான்.

கிட்டே போகும் வித்தை

பட்டாம்பூச்சியின் கூட்டுக்கண் ஏறக்குறைய எல்லாத் திசையையும் பார்க்கும். நுணுக்கம் அவ்வளவு தெரியாது. ஆனால் அசைவு நன்றாகத் தெரியும். அதனால் பின்பக்கமாகப் பதுங்கிப் போவதில் பிரயோஜனமில்லை. நேர்கோட்டில், மெதுவாக, ஒரே சீராகப் போங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் அதன் கண்ணில் நீங்கள் ஓடுவதுபோல் இருக்கும். இரண்டு மீட்டர் தூரத்திலேயே குனிந்துவிடுங்கள். பக்கத்தில் போய்க் குனிந்தால் மேலிருந்து ஏதோ விழுகிறது என்று பறந்துவிடும். கேமராவையும் அங்கேயே கண்ணுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். போனில் எடுப்பவர்கள் கையை முன்னாலேயே நீட்டி வைத்துக்கொண்டு நகர வேண்டும்.

இரண்டு விஷயங்கள் காரியத்தைக் கெடுக்கும். ஒன்று, உங்கள் நிழல். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நிழல் உங்களுக்கு முன்னால் போய்ப் பூச்சியின் மேல் விழும். வெயில் பக்கவாட்டில் இருக்கும்படி சுற்றி வாருங்கள். இரண்டு, நீங்கள் உரசும் புல். அந்தச் செடியின் ஒரு தண்டைத் தொட்டாலே எல்லாம் ஆடும். கேமராப் பட்டை தொங்கிக்கொண்டு பூவில் இடிப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும், மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள்.

தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்துவிடுங்கள். இரண்டடி நகர்ந்து இன்னொன்று. மறுபடி நகர்ந்து இன்னொன்று. பூச்சி எந்தக் கட்டத்தில் பறந்தாலும் கையில் ஒன்று இருக்கும், பெயர் கண்டுபிடிக்க அது போதும். தலையைத் திருப்பினாலோ, இறக்கையைப் படக்கென்று ஒருமுறை அடித்தாலோ நின்றுவிடுங்கள். மூச்சுவிட நேரம் கொடுத்துவிட்டு மறுபடி நகரலாம்.

உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. முழுக்கால்சட்டை போட்டு அதன் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். பார்க்கச் சகிக்காது. ஆனால் வசந்தத்தில் உயரமான புல்லில் உண்ணிகள் காத்திருக்கும், சில பகுதிகளில் அவை நோயும் பரப்பும். வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

கேமரா

போன் போதுமா என்று கேட்கிறார்கள். தொடங்குவதற்குப் போதும். போனில் இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு டெலிபோட்டோ லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அகல லென்ஸை வைத்துக்கொண்டு பூச்சியின் மூக்கருகில் போவதைவிட இது மேல். பூச்சியின் மேல் தொட்டு ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து, தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்து, ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்ரெய்ட் மோடு மட்டும் வேண்டாம். பின்புலத்தை மங்கலாக்கும் அவசரத்தில் அது உணர்கொம்புகளையும் வெட்டி மங்கலாக்கிவிடும். கொம்பில்லாத பூச்சி பரிதாபமாக இருக்கும்.

கேமரா வாங்கியவர்களுக்கு 100 மில்லிமீட்டர் அளவிலான மேக்ரோ (சின்னப் பொருள்களை நெருங்கி எடுக்கும்) லென்ஸ் சௌகரியம். 70-300 போன்ற ஜூம் லென்ஸ் ஏற்கெனவே இருந்தால், அதைக் கொண்டே ஒரு பருவத்தை ஓட்டலாம். பூச்சியிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க முடிவது சின்ன நன்மையல்ல. 50 மில்லிமீட்டர் மேக்ரோ என்றால் மிகவும் நெருங்க வேண்டியிருக்கும், பூச்சி சம்மதிக்காது.

ஷட்டர் வேகம்தான் முதல் கவலை. பூச்சி அசையாவிட்டாலும் பூ ஆடும், உங்கள் கை ஆடும். நெருக்கத்தில் எல்லா ஆட்டமும் பெரிதாகும். 1/500 நொடிக்குக் குறையாமல் பாருங்கள், தேவைப்பட்டால் ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை) தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாக இரைச்சல் விழுந்த படத்தைத் தேற்றிவிடலாம். ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. பறப்பதை எடுக்க 1/2000-க்கும் மேலே போக வேண்டும். அதை முதல் வருடத்தில் முயற்சி செய்ய வேண்டாம் என்பேன்.

அடுத்தது தெளிவின் ஆழம். இது புரியாமல்தான் பலர் லென்ஸைத் திட்டுகிறார்கள். முழு அளவு சென்சார் கேமராவில் லென்ஸ் துளையின் அளவை எஃப் 8 வைத்து, பூச்சியின் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்படி நெருங்கினால், தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். பாதி அளவில் எடுத்தால் 3 மில்லிமீட்டர் வரை. கால் அளவில் எடுத்தால் 1 சென்டிமீட்டரை எட்டும். இதிலிருந்து இரண்டு பாடம். முதலாவது, ரொம்ப நெருங்காதீர்கள். பட்டாம்பூச்சிக்குக் கால் அளவு போதும், பிறகு வெட்டிக்கொள்ளலாம். இரண்டாவது, இறக்கையும் கேமராவின் பின்பலகையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். மூடிய இறக்கை என்றால் சரியாகப் பக்கவாட்டிலிருந்து, விரித்த இறக்கை என்றால் நேர் மேலிருந்து. ஐந்து டிகிரி சாய்ந்தாலும் ஒரு நுனி மங்கிவிடும். நேராக எதிரிலிருந்து முகத்தை எடுக்கும்போது இறக்கை மங்கலானால் பரவாயில்லை, கண் மட்டும் கூர்மையாக இருந்தே தீர வேண்டும்.

வெள்ளைப் பூச்சி ஒரு தனித் தலைவலி. கரும்பச்சை இலைகளுக்கு நடுவே சின்ன வெள்ளைப் பூச்சி இருந்தால், கேமரா இலைகளைப் பார்த்துவிட்டு இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தை ஏற்றும். பூச்சி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைத்துவிடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). கருத்த பூச்சி வெளிர்ந்த மணலில் இருந்தால் கதை தலைகீழ், கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

பின்புலத்துக்குக் காசு செலவில்லை. பூச்சிக்குப் பின்னால் குறுக்கே போகும் ஒரு வெளிறிய புல்தண்டு மொத்தப் படத்தையும் கெடுக்கும். தலையை ஒரு சாண் நகர்த்தினால் அது மறைந்து, தூரத்து நிழல் வந்து நிற்கும். புல்லைப் பிடுங்கி எறியத் தேவையே இல்லை.

பெயர் கண்டுபிடிக்க

ஒரு பூச்சிக்குக் குறைந்தது இரண்டு படம் வேண்டும்: இறக்கையின் மேல்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று. சின்ன நீலன்களில் மேலே எல்லாம் ஒரே நீலம்தான். யார் யார் என்பது அடிப்புறப் புள்ளிகளின் வரிசையில் இருக்கிறது. பெண்கள் பல வகைகளில் நீலமே இல்லாமல் பழுப்பாக இருக்கும். ஆரஞ்சு டிப் பெண்ணிடம் ஆரஞ்சு கிடையாது. ஆனால் பின்னிறக்கையின் அடியில் பாசி படர்ந்தாற்போல் பச்சைத் திட்டுகள் இருபாலுக்கும் உண்டு. உற்றுப் பார்த்தால் அது பச்சையே இல்லை, மஞ்சள் செதிலும் கருப்புச் செதிலும் கலந்து காட்டும் மாயம்.

பகலில் பறப்பதெல்லாம் பட்டாம்பூச்சி அல்ல. உணர்கொம்பின் நுனி தீக்குச்சித் தலைபோல் தடித்திருந்தால் பட்டாம்பூச்சி. இறகுபோலவோ நூல்போலவோ இருந்தால் அந்துப்பூச்சி. விதிவிலக்கு உண்டு: பகலில் பறக்கும் பர்னெட் அந்துப்பூச்சிக்கும் நுனி தடித்தே இருக்கும். கால்களை எண்ணுவதும் உதவும். நான்கு கால்தான் தெரிகிறதென்றால், பீகாக், பெயின்டட் லேடி போன்றவை அடங்கிய வரியன்கள் குடும்பமாக இருக்கலாம். அவற்றின் முன்னங்கால்கள் சிறுத்து மார்போடு ஒடுங்கியிருக்கும். தடித்த உடம்பும், கொக்கிபோல் வளைந்த கொம்பு நுனியும், விசுக் விசுக்கென்ற பறப்பும் இருந்தால் துள்ளிகள் (ஸ்கிப்பர்) என்ற பட்டாம்பூச்சிக் குடும்பம்.

செடியையும் ஒரு படம் எடுங்கள். 17-ஆம் நூற்றாண்டில் மரியா சிபில்லா மெரியன் என்ற ஜெர்மன் ஓவியர் புழு, கூடு, பூச்சி, அது தின்னும் செடி எல்லாவற்றையும் ஒரே சித்திரத்தில் வரைந்தார். தமது 52-ஆம் வயதில், 1699-இல், அதற்காகவே கடல் கடந்து தென் அமெரிக்காவின் சுரினாம் வரை போனார். நமக்கு ஒரு பொத்தானை அழுத்தும் வேலைதான், அதற்குச் சோம்பினால் எப்படி? செடி தெரிந்தால் பல நேரம் பூச்சியின் பெயர் பாதி தெரிந்த மாதிரி. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் ஏற்றினால் கணினி ஒரு பெயர் சொல்லும், பிறகு ஆட்கள் வந்து சரிபார்ப்பார்கள். கணினி சொல்வதை மட்டும் நம்பி எழுதிவைத்துக்கொள்ள வேண்டாம்.

சில வருடங்களில் வசந்த முடிவில் ஒரே வகை கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். 2009-இல் ஐரோப்பாவுக்கு பெயின்டட் லேடி அப்படித்தான் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வடக்கே போய்த் திரும்பும் அதன் வழி 14,000 கிலோமீட்டருக்கு மேல். ஒரே பூச்சி அல்ல, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பயணம். வந்து சேர்பவை பெரும்பாலும் கிழிந்து, வெளுத்து இருக்கும். அவற்றையும் எடுங்கள். என் கணினியில் முகப்பில் இருப்பது புத்தம்புது பூச்சி அல்ல, வலது இறக்கையில் கால்வாசி போன ஒரு பெயின்டட் லேடி.

கை வைக்க வேண்டாம்

இறக்கையைப் பிடித்தால் செதில் உதிரும், மறுபடி முளைக்காது. ஒத்துழைக்க வைக்கப் பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள்; அப்படி எடுத்த படத்தில் பூச்சி காலைச் சரியாக ஊன்றாமல் விழுந்து கிடப்பது பழகிய கண்ணுக்குத் தெரியும். கூட்டிலிருந்து அப்போதுதான் வந்து, ஈர இறக்கை தொங்க உட்கார்ந்திருப்பதைச் சீண்டாதீர்கள். அது காய்ந்து பறக்கச் சில மணி நேரம்கூட ஆகலாம், விழுந்தால் இறக்கை கோணலாகிவிடும். இணைந்திருக்கும் ஜோடியைத் தள்ளி நின்று எடுக்கலாம். அரிய வகை கண்ணில் பட்டால் படத்தைப் பகிருங்கள், துல்லியமான இடத்தைப் பகிராதீர்கள்.

மாலை இன்னொருமுறை

முதல் நடைக்கு அரை கிலோமீட்டர் பாதை போதும். வாரம் ஒருமுறை அதே பாதை. நடுவில் ஒரு வாரம் ஒன்றுமே இல்லாமல் வெறிச்சோடிப் போகும். முதல் தலைமுறை ஓய்ந்து அடுத்தது கூட்டுக்குள் இருக்கும் நாட்கள் அவை. அடுத்த வாரமும் போங்கள்.

காலையில் போன இடத்துக்கே சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது திரும்பிப் போங்கள். குட்டைப் புல்வெளியின் நடுவே உயரமான தண்டுகள் நிற்கும் இடத்தைத் தேடுங்கள். பகலெல்லாம் நிற்காமல் ஆட்டம் காட்டிய நீலன்கள் அங்கே ஒரே இடத்தில் ஐந்தாறாகச் சேர்ந்து, தண்டு நுனியில் தலைகீழாக உட்கார்ந்திருக்கும். கடைசி வெயிலுக்கு இறக்கையை ஒருமுறை விரித்துவிட்டு மூடிக்கொள்ளும். அதன் பிறகு அசையாது. காற்று நின்றிருந்தால் முக்காலியை ஊன்றி, ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்கி, எஃப் 11 வைத்து, அரை நொடி ஷட்டரில்கூட எடுக்கலாம். நான் முதல்முறை அப்படி எடுத்தபோது அருகருகே ஏழு இருந்தன. எடுத்து முடித்து, முக்காலியை மடக்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியபோதும் ஏழும் அங்கேயே இருந்தன.